தினமும் மதியம் கடையடைப்பு

பிரான்ஸ் நாட்டுக் கிராமப் பக்கம் விடுமுறைக்குப் போவது பற்றிய கடிதங்கள் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கே: பத்து நாள் லீவு. பாரிஸ், லுவார் நதிக்கரைக் கோட்டைகள், தோர்தோஞ் பள்ளத்தாக்கு, ப்ரொவான்ஸ், கடைசியில் ஆல்ப்ஸ். பிளான் எப்படி? (ஆடிட்டர், மதுரை)

ப: கூரியர் பார்சலுக்கு அருமையான பிளான். மனிதருக்கு வேண்டாம். தோர்தோஞ் பக்கத்து சார்லாவிலிருந்து ப்ரொவான்ஸின் அவிஞோனுக்குக் காரில் போகவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் லீவில் பாதி டோல்கேட்டில் கழியும்.

அது போக, நீங்கள் அவசரப்பட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். கிராமத்து வீடுகளைக் கோடையில் வாரக்கணக்கில்தான் வாடகைக்கு விடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சாவி. அடுத்த சனிக்கிழமை காலையில் காலி செய்ய வேண்டும். ‘செவ்வாய் வந்து வியாழன் கிளம்புகிறேன்’ என்று எழுதினால் பதில் மரியாதையாக வரும், வீடு வராது. இந்த வீடுகளுக்கு ழீத் என்று பெயர். ஊரைக் காலி செய்துவிட்டு எல்லாரும் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த 1950-களில், சும்மா கிடந்த பண்ணைவீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டால் விவசாயிக்கு நாலு காசு, பட்டணத்துத் தொழிலாளிக்கு மலிவாக ஒரு லீவு என்று தொடங்கிய ஏற்பாடு. முதல் வீடு 1951-இல், நாடு தழுவிய சம்மேளனம் 1955-இல். தரத்துக்கு நட்சத்திரம் கிடையாது, கோதுமைக் கதிர்தான் மார்க். படுக்கை விரிப்பும் துண்டும் பல இடங்களில் வாடகையில் சேராது, முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஊரில் ஏழு நாள். மிச்சம் பாரிஸுக்கு. ஆல்ப்ஸ் எங்கும் ஓடிப்போகாது.

கே: அந்த ஒரே ஊர் எது என்று சொல்லாமல் நழுவாதீர்கள். (அதே ஆடிட்டரின் மனைவி)

ப: நழுவவில்லை அம்மா. சார்லா, அல்லது அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு கிராமம். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். கூரையிலும் ஓடு கிடையாது, கல் பலகைதான். பழைய நகரங்களை இடிக்காமல் காப்பாற்ற 1962-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ கொண்டுவந்த சட்டத்தில் முதல் முதலாகப் பலன் பெற்ற ஊர்களில் ஒன்று. அதனால்தான் இன்று சரித்திரப் படம் எடுக்கிறவர்கள் செட் போடும் செலவை மிச்சம் பிடிக்க அங்கே வருகிறார்கள்.

தோர்தோஞ் நதி பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு கரையில் பேனக் கோட்டை, எதிரே கஸ்தெல்னோ கோட்டை. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது சில காலம் ஆங்கிலேயர் கையில். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போது இரண்டுக்கும் நடுவில் வாடகைக் கனூ போகிறது. வேனில் ஏற்றி ஆற்றின் மேல்பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். கீழே வருவது ஆற்றின் பொறுப்பு. துடுப்பு கொடுப்பார்கள், கையில் ஏதாவது இருக்கட்டும் என்று.

கே: பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா? (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, தென்காசி)

ப: அந்த ஒரு வார்த்தையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: போன்ழூர். கடைக்குள் கால் வைத்ததும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நேரே ‘ரொட்டி என்ன விலை’ என்று ஆரம்பித்தால், கடைக்கார அம்மாள் உங்களுக்கு அதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் ரொட்டியைத் தொடுவார். முப்பது வருஷம் வகுப்பில் ‘குட் மார்னிங்’ வாங்கியவர் நீங்கள், புரிந்திருக்கும்.

சந்தையிலும் இதே மரியாதை. சார்லாவில் புதன் காலையும் சனிக்கிழமை முழுவதும் சந்தை. பழத்தை நீங்களாக எடுத்து அமுக்கிப் பார்ப்பது பல கடைகளில் ஆகாது, அவர்தான் எடுத்துக் கொடுப்பார். முலாம்பழக் கடையில் நின்று பாருங்கள். எத்தனை என்று கேட்டதும் அடுத்த கேள்வி: இன்று சாப்பிடவா, நாளைக்கா? ‘இன்று ராத்திரி’ என்றால் குவியலில் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி, காம்புப் பக்கம் விரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய், இரண்டைத் திரும்ப வைத்து, மூன்றாவதைத் தருவார். பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நிற்பார்கள். யாரும் உச்சுக் கொட்டுவதில்லை. அவர்களுடைய முலாம்பழத்துக்கும் இதே விசாரணை உண்டு என்று தெரியும்.

பக்கத்தில் பழைய சேன்த் மரி தேவாலயம் இப்போது காய்கறி, பாலாடைக்கட்டி விற்கும் மூடிய சந்தை. அதற்கு ராட்சத உலோகக் கதவு போட்டவர் சார்லாவில் வளர்ந்த உலகப் புகழ் கட்டடக் கலைஞர் ழான் நூவெல்.

கே: பன்னிரண்டரைக்குக் கடைக்குப் போனால் பூட்டியிருக்கிறதாமே? (மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

ப: தினமும் கடையடைப்பு. எந்தக் கட்சியும் அறிவிக்காதது. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்தினால் இரண்டு, இரண்டரை, சில ஊரில் மூன்று மணிக்குத் திறப்பு. தபால் நிலையமும் நகராட்சி அலுவலகமும் இதற்கு விலக்கில்லை. நெடுஞ்சாலை ஓரத்து சூப்பர் மார்க்கெட் வேண்டுமானால் திறந்திருக்கும்.

உங்களைப் போல் காலை ஆறிலிருந்து ராத்திரி பத்து வரை கல்லாவில் உட்காருகிறவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். இல்லை சார், இது சட்டதிட்டம். பிரெஞ்சுத் தொழிலாளர் விதிகளில், வேலை செய்கிற இடத்திலேயே ஊழியரைச் சாப்பிட விடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கொரோனா சமயம், அவரவர் மேஜையிலேயே சாப்பிடட்டும் என்று அனுமதிக்க 2021-இல் தனியாக அரசாணை போட்டுத்தான் அந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நாம் கம்ப்யூட்டர் மேல் சாம்பார் சிந்துவதைப் பிறப்புரிமையாக வைத்திருக்கிறோம்.

உங்களுக்கு இதில் உள்ள ஆபத்து வேறு. சாப்பாட்டுக் கடையும் மணி பார்க்கும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, ராத்திரி ஏழு, ஏழரையிலிருந்து ஒன்பது. இரண்டேகாலுக்குப் பசியோடு போனால் சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, தானே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல கடை விடுமுறை. ரொட்டிக் கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு. பல மாவட்டங்களில் அந்த ஒரு நாள் லீவு விட்டே ஆக வேண்டும் என்று அரசாணையே உண்டு.

கே: குளியலறையில் பக்கெட், மக்? (பெயர் வேண்டாம், திருச்சி)

ப: இரண்டும் கிடையாது. மற்றதும் கிடையாது. பெயர் வேண்டாம் என்றதன் காரணம் புரிகிறது. செப்டிக் டேங்க் வீடாக இருந்தால் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதையாவது படித்துவிடுங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம். வெங்காயம் பூண்டு பரவாயில்லை. பட்டினி கிடப்போமா? (குடும்பத்தலைவி, கும்பகோணம்)

ப: மெனு கார்டை நம்பினால் கிடப்பீர்கள். சார்லா இருக்கும் பெரிகோர் வட்டாரத்தில் வாத்துக் கொழுப்புதான் சமையல் எண்ணெய். ‘வெறும் உருளைக்கிழங்குதானே’ என்று அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய சார்லா வறுவலை ஆர்டர் செய்வீர்கள். பூண்டும் பார்ஸ்லியும் தூவி மொறுமொறுவென்று வரும், வறுத்தது வாத்துக் கொழுப்பில். பச்சைக்கீரை சாலட் என்பீர்கள், மேலே வாத்து இரைப்பைக் கறி உட்கார்ந்திருக்கும். பாலாடைக்கட்டியிலும் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாற்றைச் சேர்ப்பது வழக்கம், அது எந்த வரம்புக்குள் வரும் என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

ஆனால் இதே வட்டாரம் வால்நட் தோப்புகளுக்கும் பேர் போனது. செக்கில் ஆட்டிய வால்நட் எண்ணெய் சந்தையில் கிடைக்கும். வாசனை பிரமாதம், ஆனால் தாளிக்க ஆகாது, மேலே ஊற்றிக்கொள்ள மட்டும். தக்காளி, பீன்ஸ், கத்தரிக்காய், ஸ்ட்ராபெரி எல்லாம் சந்தையில் குவிந்திருக்கும். வீடு எடுக்கச் சொன்னதே அதில் சமையலறை இருப்பதால்தான். பாரிஸில் இறங்கியதும் லா ஷப்பேல் போய்விடுங்கள். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலை, புளி, பெருங்காயம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினால் பெரிகோர் கத்தரிக்காய்க்கு ஒரு புது வாழ்வு கிடைக்கும்.

கே: அந்த வாத்தைத் தொண்டையில் குழாய் விட்டு ஊட்டுவார்களாமே? (கால்நடை மருத்துவர், நாமக்கல்)

ப: ஆமாம். கல்லீரல் கொழுத்துப் பெருக வேண்டும் என்பதற்காக மக்காச்சோளத்தைக் கட்டாயமாக உள்ளே தள்ளுவது. அதுதான் ஃபுவா க்ரா. பல ஐரோப்பிய நாடுகளில் இப்படித் தயாரிக்கத் தடை. பிரான்ஸ் 2006-இல் அதைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. சார்லாவில் பெருவாத்துச் சந்தைச் சதுக்கத்தில் மூன்று வெண்கலப் பெருவாத்துகளுக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். சிலை வைத்துவிட்டால் குற்ற உணர்ச்சி தீரும் என்பது நம் ஊரிலும் உள்ள நம்பிக்கைதான். இந்தியா 2014-இல் ஃபுவா க்ரா இறக்குமதியையே தடை செய்துவிட்டது. ஆகவே மாப்பிள்ளைக்கு ஒரு டப்பா என்று பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

கே: அதிகாலைச் சேவல் கூவலுக்குக் கண்விழிக்க வேண்டும் என்பது என் கனவு. (ஐ.டி. ஊழியர், சென்னை ஓ.எம்.ஆர்.)

ப: சேவலுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பயப்படாதீர்கள்.

மேற்குக் கரையோரத்து ஒலெரோன் தீவில் மோரீஸ் என்று ஒரு சேவல். விடிகாலையில் கூவியது, சேவல்கள் வழக்கமாகச் செய்வது. பக்கத்தில் விடுமுறை வீடு வைத்திருந்த தம்பதிக்குத் தூக்கம் கெட்டது. வழக்குப் போட்டார்கள். நாடே இரண்டுபட்டது, மோரீஸுக்கு ஆதரவாகக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் சேவல்காரருக்கு 1,000 யூரோ நஷ்டஈடு தர வேண்டும் என்றும் சொன்னது. கோழி வளர்ப்பில் இவ்வளவு லாபம் யாரும் பார்த்ததில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. லீவுக்கு வந்தவர்கள் தேவாலய மணி மேலும் மாட்டுக் கழுத்து மணி மேலும் சாணி நாற்றத்தின் மேலும் புகார் கொடுப்பது வழக்கமாகிக்கொண்டிருந்தது. சிள்வண்டுச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி மேயரிடம் கேட்டவர்களும் உண்டு. 2021 ஜனவரி 29-இல் ஒரு சட்டம் வந்தது: கிராமத்துச் சத்தங்களும் வாசனைகளும் நாட்டின் பாரம்பரியச் சொத்து. மோரீஸ் அதைக் கேட்க இல்லை, 2020-இலேயே காலமாகிவிட்டது.

எனக்கு அந்தச் சட்டத்தில் முழுத் திருப்தி. அமைதி வேண்டும் என்று கிராமத்துக்குப் போகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் கிராமம் இல்லாத கிராமம். உங்களுக்கு ஒன்றே ஒன்று. மோரீஸின் இனத்தார் ஸ்னூஸ் பட்டன் இல்லாமல் தயாரிக்கப்படுகிறார்கள்.

கே: ஏ.சி. இருக்குமா? (வாசகர், வேலூர்)

ப: பழைய கல்வீட்டில் அநேகமாக இருக்காது. மின்விசிறியும் சந்தேகம். மரச் சன்னல் கதவுதான் ஏ.சி. வெயில் ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்திவிட வேண்டும், ராத்திரி திறந்துவிட வேண்டும். சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமன், மத்தியானம் உள்ளே வந்தால் ஜில்லென்று இருக்கும். காற்றோட்டம் வேண்டும் என்று பகலில் திறந்து வைத்தீர்களானால் வீட்டுக்காரர் வந்து மௌனமாகச் சாத்திவிட்டுப் போவார். கோடையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், விளக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பாடு என்ற வீட்டு வழக்கத்தைச் சற்று ஒத்திவையுங்கள்.

கே: லஸ்கோ குகை ஓவியம் என்று கூட்டிக்கொண்டு போய் சிமெண்ட் குகையைக் காட்டுவார்களாமே? மோசடி இல்லையா? (வரலாற்று ஆசிரியர், புதுக்கோட்டை)

ப: மோசடி இல்லை, பிராயச்சித்தம். 1940 செப்டம்பரில் மோந்தின்யாக் ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஒரு பொந்துக்குள் இறங்கியபோது அகப்பட்ட குகை அது. சுவரெல்லாம் காளை, குதிரை, மான். வயது ஏறத்தாழ 17,000 ஆண்டுகள். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தினம் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்து மூச்சு விட்டதில், அத்தனை ஆயிரம் ஆண்டுகள் தாங்கிய ஓவியத்தில் பதினைந்தே வருஷத்தில் பாசி பிடிக்க ஆரம்பித்தது. 1963-இல் மேலே சொன்ன அதே மல்ரோ பூட்டுப் போட்டார். 1983-இல் ஒரு நகல், 2016-இல் குகை முழுவதற்கும் நகல். பிந்தியதைப் பாருங்கள், பாறையின் புடைப்பைக் காளையின் வயிறாக ஆக்கியிருக்கும் சாமர்த்தியம் நகலிலும் தெரிகிறது. சித்தன்னவாசலுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். ஓவியத்தை நெருங்கி நின்று பார்ப்பதன் விலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: கார் ஓட்டப் பயம், நடக்க முழங்கால் வலி. எங்களைப் போன்றவர்களுக்கு? (மூத்த தம்பதி, கோவை)

ப: படகு. தெற்கே கனால் து மிதி என்று ஒரு கால்வாய், துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். சமையலறை, படுக்கையறையோடு கூடிய வாடகைப் படகை நீங்களே ஓட்டிப் போகலாம். லைசென்ஸ் வேண்டாம், கிளம்பும் முன் கொஞ்ச நேரம் பாடம் நடத்துவார்கள், அவ்வளவுதான். காரணம், வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். கரையில் சைக்கிள் மிதிக்கும் சிறுமிகள் உங்களை முந்திக்கொண்டு கையசைத்துப் போவார்கள். முந்தி ஹாரன் அடிக்கிற ஆசையைக் கோவையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெட்டியவர் பியேர்-போல் ரிக்கே. பொறியாளர் அல்ல, ராஜாவுக்கு உப்பு வரி வசூலித்துக் கொடுத்தவர். பதினான்காம் லூயி 1666-இல் அரசாணை கொடுத்தார். பெரிய சிக்கல், மேட்டுப் பகுதியில் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது. ரிக்கே கறுப்பு மலைகளின் ஓடைகளைத் திருப்பி, அணைகட்டித் தேக்கி, வழித்தடத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கிருந்து ஒரு பக்கம் அட்லாண்டிக் திசையிலும் மறுபக்கம் மத்தியதரைக் கடல் திசையிலும் தண்ணீர் இறங்குகிறது. மேடுபள்ளம் ஏறி இறங்க மதகுத் தொட்டிகள்: படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தி, நீர் மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ அடுத்த கதவைத் திறப்பார்கள். நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தத்தில் இடிந்து விழுந்ததால் தொட்டியை முட்டை வடிவமாக வளைத்துக் கட்டினார் ரிக்கே. அந்த வளைவு இன்னும் நிற்கிறது. பெஸியே ஊரருகே இத்தொட்டிகள் வரிசையாக அடுக்கி 21 மீட்டருக்கு மேல் இறக்கிவிடும் இடம் பார்க்க வேண்டியது. சொந்தப் பணத்தையும் கொட்டிய மனிதர் 1680-இல் இறந்தார், கால்வாய் திறந்தது 1681-இல்.

வருத்தமான சேதி ஒன்று. கரையோரம் நிழல் கூட்டி நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களில் 2006-இல் பூஞ்சை நோய் கண்டது. ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டு வேறு வகை மரம் நடுகிறார்கள். பழைய போட்டோவில் பார்த்த பச்சைக் குகையை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மதகுக்காரரும் மதியம் சாப்பிடப் போய்விடுவார். அந்நேரம் நீங்களும் படகைக் கட்டிவிட்டுத் தயிர்சாதத்தை எடுங்கள், வேறு வழியில்லை.

கே: ஆகஸ்ட் முதல் வாரம் போகலாமா? (வங்கி அதிகாரி, சேலம்)

ப: மொத்த பிரான்ஸும் உங்களோடு வரும். 1936-இல் லெயோன் பிளூம் அரசு தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்று சட்டம் போட்டது. ரயிலில் சலுகைக் கட்டணமும் கொடுத்தார்கள், அதுவரை கடலையே பார்க்காத குடும்பங்கள் கிளம்பின. 1982-க்குள் அது ஐந்து வாரமாக வளர்ந்துவிட்டது. ஜூலைக்காரர்கள் திரும்புவதும் ஆகஸ்ட்காரர்கள் புறப்படுவதும் ஒரே வார இறுதியில் மோதும். 1975 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நாட்டின் சாலைகளில் நெரிசல் எல்லாம் சேர்த்து 600 கிலோமீட்டர். அதற்கு அடுத்த வருஷம்தான் எந்த நாள் பச்சை, எந்த நாள் சிவப்பு, எந்த நாள் கறுப்பு என்று முன்கூட்டிச் சொல்லும் அரசு சேவை வந்தது. கறுப்புச் சனிக்கிழமையில் கார் எடுக்காதீர்கள். ஜூனும் செப்டம்பரும் உத்தமம்.

கே: செப்டம்பரில் லாவெண்டர் பூத்திருக்குமா? (கல்லூரி மாணவி, ஈரோடு)

ப: சோப்பில் இருக்கும். வலான்சோல் வயல்களில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரைதான்.

கே: அங்கே ஒரு பழைய கோட்டையை நம் ஊர் ஃபிளாட் விலைக்கு வாங்கலாம் என்கிறார்களே? (ரியல் எஸ்டேட், ஓசூர்)

ப: வாங்கலாம். கூரை மாற்றுவதற்கு ஃபிளாட்டை விற்க வேண்டிவரும். தோர்தோஞ் கரையில் மிலாந்த் என்ற கோட்டையைப் போய்ப் பாருங்கள். பாரிஸ் மேடையை ஆட்டிவைத்த ஜோசஃபின் பேக்கர் 1947-இல் வாங்கி, பல நாடுகளிலிருந்து தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்த இடம். கடன் கழுத்தை நெரித்தது. 1969-இல் வெளியேற்றப்பட்டபோது சமையலறை வாசற்படியில் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உலகமெல்லாம் வந்தது. 2021-இல் தேசம் அவரைப் பாந்தெயோன் நினைவு மண்டபத்தில் வைத்து மரியாதை செய்தது. கோட்டையை இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம், மலிவான வழி அதுதான்.

கே: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாமா அங்கே இருக்கிறார். ‘வந்தால் இருந்துவிட்டுப் போ’ என்கிறார். விசா வேண்டுமா? (வாசகர், புதுச்சேரி)

ப: மாமா குடிமகன், நீங்கள் விருந்தாளி. ஷெங்கன் விசா வேண்டும்: 180 நாளில் 90 நாளுக்கு மிகாமல், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டோடு. அவர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் தன் ஊர் நகராட்சியில் அழைப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். ‘இருந்துவிட்டுப் போ’ என்று போனில் சொல்வதற்கும் நகராட்சிக்கு நடப்பதற்கும் இடையில்தான் மாமாவின் பாசம் தெரியும்.

கே: சாயங்காலம் என்ன பொழுதுபோக்கு? டி.வி.? (வாசகர், திண்டுக்கல்)

ப: பெத்தாங்க். மரத்தடியில் இரும்புக் குண்டை உருட்டிச் சின்ன மரப்பந்தின் அருகே சேர்ப்பது. ஓடிவந்து எறியும் பழைய ஆட்டத்தை மூட்டுவலி வந்த ழூல் லெனுவார் என்பவரால் ஆட முடியாமல் போக, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லா சியோத்தா ஊரில் அவருக்காக நின்ற இடத்திலிருந்தே எறியும்படி மாற்றிய ஆட்டம். ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரம். பதின்மூன்று பாயிண்ட். அதில் பாதி நேரம் எது நெருக்கம் என்று குனிந்து டேப் வைத்து அளக்கிற சண்டை. தமிழர்களுக்கு உடனே வந்துவிடும்.

கே: காசு கம்மி. நடந்தே சுற்ற வழி? (மாணவர், நாகர்கோவில்)

ப: தம்பி, ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1878-இல் லெ மொனாஸ்தியே என்ற ஊரில் 65 ஃபிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும் கொடுத்து மொதெஸ்தின் என்ற கழுதையை வாங்கினார். அதன் முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு செவென் மலைகளைப் பன்னிரண்டு நாளில் நடந்து கடந்தார். எங்கே போவது என்பதை அவர் தீர்மானித்தார், எப்போது போவது என்பதைக் கழுதை. அடுத்த வருஷம் புத்தகமாகவே போட்டுவிட்டார். அந்தப் பாதை இன்று அடையாளப் பலகைகளோடு நீள்நடை வழியாக இருக்கிறது, வழியில் மலிவான தங்குமிடங்கள் உண்டு. கழுதையும் வாடகைக்குக் கிடைக்கும்.

கே: வாடகை எதற்கு? ஸ்டீவன்சன் மாதிரி வாங்கிவிட்டால்? (அதே மாணவர், கடிதத்தின் ஓரத்தில்)

ப: முடிவில் அவர் அதை 35 ஃபிராங்குக்குச் சேணத்தோடு விற்க வேண்டியிருந்தது. நீ விற்காமல் வந்தால் விமானத்தில் லக்கேஜ் 23 கிலோதான் தம்பி.